அது முழங்கால் அல்ல, குதிகால்

ஹட்டனில் ஞாயிறுதோறும் கூடி ‘ஹேலோ’ என்கிற வீடியோ கேம் விளையாடுகிற, அதில் வரும் சங்ஹேலி என்ற வேற்றுக் கிரக இனத்து வீரனின் உடுப்பை ரெஜிபோமில் செதுக்கிக்கொண்டிருக்கிற தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

வணக்கம். உங்களில் நான்கைந்து பேருக்கு நான் விஞ்ஞானம் படிப்பித்திருக்கிறேன். மற்றவர்களுக்கு என்னைத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு டிக்கோயாவில் இருக்கிறேன். இந்த விடயத்தை உங்களில் ஒருவரைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஒரு பிள்ளை வரைந்த சங்ஹேலிப் படம் உங்கள் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும், பிழையென்று தள்ளப்பட்டது. ஆகவே பதிலும் எல்லோரும் படிக்கும்படி இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

போன ஞாயிறு பின்னேரம் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். விஞ்ஞானப் புத்தகத்துக்குள்ளிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். சங்ஹேலியின் முழு உருவம், பென்சிலில் வரைந்தது. நான்காகப் பிரிந்த தாடை, முன்னே சாய்ந்த முதுகு, நெஞ்சுக் கவசம் எல்லாம் அழகாக வந்திருந்தன. இடது காலில், அடிவயிற்றுக்குச் சற்றுக் கீழே, சிவப்புப் பேனையால் ஒரு பெருக்கல் குறி. பேனை அழுத்திய அழுத்தத்தில் தாள் மறுபக்கம் கிழிந்திருந்தது. பக்கத்தில் ‘முழங்கால் பிழை’ என்று எழுதியிருந்தது.

“முதலில் விளையாடிப் பார்த்துவிட்டு வா” என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். தோட்டத்து லயத்தில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று இன்னொரு குரலும் கேட்டதாம். அவள் அழவில்லை. “டீச்சர், எது சரி?” என்று மட்டும் கேட்டாள்.

அவள் வரைந்த கால்தான் சரி. நீங்கள் செதுக்கி வைத்திருக்கிற கால்தான் பிழை. ஏன் என்று சொல்கிறேன்.

சங்ஹேலியின் கால் நடுவில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு ஒரு மூட்டு தெரிகிறது. அதைத்தான் நீங்கள் முழங்கால் என்கிறீர்கள். மனிதனுக்கு முன்னால் மடிகிற முழங்கால், இந்த இனத்துக்குப் பின்னால் மடிகிறது என்கிறீர்கள். இன்னும் சிலர், அதற்கு இரண்டு முழங்கால் என்கிறார்கள். எழுந்து நின்று குதிகாலை நிலத்திலிருந்து உயர்த்திப் பாருங்கள். முழங்காலைக் கொஞ்சம் முன்னே மடியுங்கள். இப்போது உங்கள் பாதம் இரண்டு மடங்கு நீளமாக இருந்தால் குதிகால் எங்கே வந்து நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். காலின் நடுவே, பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். நீங்கள் முழங்கால் என்கிற மூட்டு அதுதான். இடுப்பு, முழங்கால், கணுக்கால், விரலடி என்று நமக்கு எத்தனை மூட்டோ, அத்தனைதான் அதற்கும். ஒரு மூட்டுக்கூட அதிகம் இல்லை, ஒரு மூட்டும் திரும்பியில்லை. உண்மையான முழங்கால் மேலே, உடலோடு ஒட்டி, முன்னோக்கி இருக்கிறது. சிவப்புப் பேனை விழுந்த இடம் அதுதான்.

எனக்கு இதைப் புத்தகம் சொல்லித் தரவில்லை. எங்கள் அப்பா இரண்டு மாடு வைத்திருந்தார். பாடசாலைக்குப் போகுமுன் பால் கறப்பது என் வேலை. பனி விலகாத அந்த நேரத்தில் மாட்டின் வலது பக்கம் குந்தி, அதன் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறப்பேன். மாட்டின் உடம்புச் சூடுதான் அப்போது எனக்குப் போர்வை. என் இடது தோளுக்கு நேரே, விலாவும் தொடையும் சேர்கிற தோல் மடிப்புக்குள், ஒரு முண்டு இருக்கும். உள்ளங்கையை வைத்தால் உள்ளே முழங்காற்சில்லு அசைவது தெரியும். மாடு உதைக்கப் போகிறது என்பதைக் குளம்பு எனக்குச் சொன்னதே இல்லை. அந்த முண்டுதான் முதலில் முன்னே வரும். அது தோளில் இடித்த மறுகணம் பால் வாளியை இழுத்துக்கொண்டு விலகிவிட வேண்டும். மாடு பெரும்பாலும் முன்னுக்கும் பக்கவாட்டிலுமாகத்தான் உதைக்கும். நேரே பின்னுக்கு அல்ல. முழங்கால் முன்னோக்கி இல்லாவிட்டால் அந்த உதை எப்படி வரும்?

கீழே, காலின் நடுவில் பின்னால் கூராக நிற்கிறதே, அது மாட்டின் குதிகால். அதன் உச்சியில் வந்து ஏறுகிற தடித்த நாணைப் பிடித்துப் பாருங்கள். உங்கள் குதிகாலுக்கு மேலே, கெண்டைத்தசையிலிருந்து இறங்குகிற அதே தசைநாண்தான் அது. குதிகாலுக்குக் கீழே நீண்டு போகிற ஒற்றை எலும்பு நம் பாதத்துக்குள் இருக்கிற எலும்புகளில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்தது. அதற்கும் கீழே இரண்டு விரல், இரண்டு நகம். நகத்தைத்தான் குளம்பு என்கிறோம். நுவரெலியாவில் கிரெகரி வாவிக் கரையில் சவாரிக்கு நிற்கிற குதிரை இன்னும் ஒரு படி மேலே போய் ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலில், நடுவிரலின் நுனியில் நிற்கிறது.

மாடு இல்லாத வீட்டில் கோழிக்கறியாவது இருக்கும். “கோழிக்கு முழங்கால் பின்னால்தானே மடிகிறது” என்று உங்களில் ஒருவர் வாதிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த முறை கோழி வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், தம்பி. சட்டிக்குள் போகிற தொடைத் துண்டுக்கும் அதற்குக் கீழே இருக்கிற கால் துண்டுக்கும் நடுவே ஒரு மூட்டு இருக்கிறது. அதை மடித்துப் பாருங்கள். உங்கள் முழங்கால் மடிகிற பக்கம்தான் மடியும். உயிரோடு இருக்கும்போது அது இறகுக்குள் மறைந்திருக்கிறது. வெட்டி எறிகிற செதில் மூடிய மஞ்சள் தண்டு கோழியின் பாதம். வெளியே தெரிகிற மூட்டு அந்தப் பாதத்தின் மேல்முனை, அதாவது கணுக்கால்.

நம் மலைகளில் சிறுத்தை நடமாடுகிறது. மழை விட்ட காலையில் தேயிலை மலைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் அதன் தடத்தைப் பார்த்தவர்கள் உங்கள் வீடுகளிலேயே இருப்பார்கள். நான்கு விரல் மெத்தையும் அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய மெத்தையும் பதிந்திருக்கும். அந்தப் பெரிய மெத்தையும் குதிகால் அல்ல, விரல்களின் அடிப்பகுதி. குதிகால் நிலத்தைத் தொடுவதே இல்லை. வில்பத்திலும் யாலவிலும் இருக்கிற கரடி நம்மைப்போல முழுப் பாதத்தையும் ஊன்றி நடக்கும்; அதனால்தான் அது இரண்டு காலில் எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது மனிதன் நிற்பதுபோல் இருக்கிறது. பாதத்தில் நிற்பவை, விரலில் நிற்பவை, நகத்தில் நிற்பவை என்று பாலூட்டிகளுக்குள் மூன்று வகை. சங்ஹேலியை உருவாக்கியவர்கள் விரலிலும் நகத்திலும் நிற்கிறவற்றைப் பார்த்துத்தான் அந்தக் காலை வரைந்திருக்கிறார்கள். அதன் பாதத்தைப் பார்த்தாலே இது தெரியும்.

“அது வேற்றுக் கிரகத்து உயிர், பூமியின் விதி அதற்கு எதற்கு” என்று கேட்கலாம். நல்ல கேள்வி; நான் அதை ஒதுக்கமாட்டேன். பின்னால் மடிகிற முழங்காலோடு ஓர் உயிரை யாராவது கற்பனை செய்தால் செய்யட்டும். ஆனால் தசையின் வேலையை மாற்ற முடியாது. தசை இழுக்கும், தள்ளாது. நமக்கு முழங்கால் முன்னோக்கி இருப்பதால், அதை நிமிர்த்துகிற பெரிய தசை தொடையின் முன்பக்கத்தில் இருக்கிறது. முழங்கால் பின்னோக்கி இருக்க வேண்டுமானால் அந்தத் தசை தொடையின் பின்பக்கம் போக வேண்டும். நீங்கள் செதுக்கிய காலில் முழங்கால் பின்னோக்கி இருக்கிறது, பருத்த தசையோ தொடைக்கு முன்னால் இருக்கிறது. அந்தத் தசை சுருங்கினால் அந்தக் கால் மடியுமே தவிர நிமிராது. ஏழடிக்கு மேல் உயரமான போர்வீரன், கவசத்தோடு, எழுந்து நிற்கவே முடியாமல் போவான். எந்தக் கிரகத்திலும் இதுதான் நடக்கும்.

அந்தப் பிள்ளை இதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அவளுடைய அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். லயத்துக்குப் பின்னால் மூன்று ஆடு வளர்க்கிறார்கள். ஆட்டுக்கு முருக்கிலை பிடிக்கும். கிளை எட்டாத உயரத்தில் இருந்தால் ஆடு முன்னங்கால்களை மரத்தில் வைத்து, பின்னங்கால் இரண்டிலும் எழுந்து நிற்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அப்படி எழுந்து நிற்கிற ஆட்டின் பின்பாதியை மட்டும் பார்த்தால், அது சங்ஹேலிதான். வயிற்றோடு ஒட்டிய தொடை முன்னே சாய்கிறது, முழங்காலிலிருந்து கீழ்க்கால் பின்னே போகிறது, குதிகாலிலிருந்து பாதம் நேரே இறங்குகிறது. இடுப்புக்கு நேர்கீழே குளம்பு வந்து நிற்கிறது. வால் கனமில்லாத ஓர் உயிர் இரண்டு காலில் நிற்க வேண்டுமானால் பாதம் உடம்பின் பாரத்துக்கு நேரே கீழே வந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்த வளைவும் நெளிவும்.

அவள் ஒரு நூலை எடுத்து அளந்தும் இருக்கிறாள். முழங்காலிலிருந்து குதிகால் வரை ஒரு முடிச்சு, குதிகாலிலிருந்து குளம்பு வரை இன்னொரு முடிச்சு. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். அந்த நூல் படத்தோடு சேர்த்து மடிக்கப்பட்டிருந்தது. ஆடு அசையாமல் நிற்க அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டாராம். பாடசாலையில் இத்தனை வருடம் படிப்பித்தவள் சொல்கிறேன், விஞ்ஞானம் என்றால் அந்த நூல்தான். திரையில் விளையாடியவர்கள் எத்தனை மணி நேரம் விளையாடியிருந்தாலும் அந்த இரண்டு முடிச்சு அவர்களிடம் இல்லை.

இந்தக் காலால் படி இறங்க முடியாது என்பது உங்களுடைய மற்றொரு வாதம். சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறி இறங்கியவர்களுக்கு இறங்கும்போது முழங்கால் நடுங்குவது தெரியும். அந்த நடுக்கம் தொடையின் முன்தசை உடம்பு முழுவதையும் படிக்குப் படி தாங்கித் தாங்கி இறக்குவதால் வருகிறது. குதிகாலை ஊன்றினாலும் அது நடுங்கத்தான் செய்கிறது. ஆட்டைப் பாருங்கள், மழையில் ஊறிய சரிவில் ஓடி இறங்குகிறது. குளம்பின் இரண்டு விரலும் விரிந்து மண்ணைக் கவ்வுகின்றன. பின்னால் தொங்குகிற இரண்டு சிறிய விரல்களும் செங்குத்தான இடத்தில் நிலத்தைத் தொட்டுத் தடை போடுகின்றன. சங்ஹேலி நம் மலைக்கு வந்தால் அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி உடுப்புக்கு வருகிறேன். அணிந்து பார்த்த தம்பி இரண்டு படிகூட ஏற முடியாமல் நின்றுவிட்டாராம். அவருடைய முழங்காலுக்குப் பின்னால் நீங்கள் ரெஜிபோமை அடைத்து வைத்தால் அவர் எப்படிக் காலை மடிப்பார்? அந்த அடைப்பை எடுத்துவிடுங்கள். அணிகிறவரின் முழங்கால் சங்ஹேலியின் முழங்காலாகவே இருக்கட்டும். தொடைக் கவசத்தை முன்னே சாய்த்துக் கட்டுங்கள். பொய்க் குதிகாலை அவருடைய கெண்டைக்காலுக்குப் பின்னால், பாதிக்குச் சற்றுக் கீழே ஒட்டுங்கள். முழங்காலிலிருந்து அந்த முனை வரைக்கும் கவசம் பின்னோக்கிச் சரியட்டும், அங்கிருந்து பாதம் வரைக்கும் முன்னோக்கி இறங்கட்டும். சப்பாத்தின் குதியை உயர்த்திக் கொடுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடித்து நடந்தால் போதும், பார்க்கிறவர்களின் கண் மற்றதைச் செய்துகொள்ளும். அளவு வேண்டுமென்றால் அவளுடைய படத்தில் இருக்கிறது.

நான் உங்களிடம் கேட்பது இரண்டு. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு அல்ல, அந்த வார்த்தைகளைச் சொன்ன அதே அறையில், அதே ஆட்கள் இருக்கும்போது. ஆடு மேய்க்கிற பிள்ளை என்று சொன்னவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான் என்று அறிந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம் அப்பா அம்மாவை எத்தனையோ பேர் இந்தத் தொனியில் பேசியிருக்கிறார்கள். நாமும் அதே தொனியில் நம் பிள்ளையைப் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. மற்றது, உடுப்பை அவள் வரைந்த காலோடு செய்யுங்கள். புதிய படம் வரையச் சொல்லாதீர்கள். சிவப்புக் குறியோடு இருக்கிற அதே தாளைச் சுவரில் ஒட்டி வைத்து வேலை செய்யுங்கள். தாள் என்னிடம் இருக்கிறது, கிழிந்த இடத்தைப் பின்பக்கம் ஒட்டிவிட்டேன்.

இன்னமும் நம்பாதவர்கள் சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு டிக்கோயாவுக்கு வாருங்கள். அந்தப் பிள்ளையின் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருப்பார், அவரிடம் கேட்டாயிற்று. வெறுங்கையோடு வராதீர்கள், வருகிற வழியில் ஒரு கட்டு முருக்கிலை முறித்துக்கொண்டு வாருங்கள். மரத்துக்குப் பக்கத்தில் நின்று, உங்கள் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் ஆடு எழுந்து நிற்கும். நூலை அவள் கொண்டு வருவாள்.

அன்புடன்,
உங்கள் பழைய விஞ்ஞான டீச்சர்
டிக்கோயா