கேள்வி கேட்ட பையனை ஒதுக்காதீர்கள்: சேகர குருவுக்கும் கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபைக்குரு ஐயர் அவர்களுக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பின் தோத்திரம்.

வாலிபர் கூடுகையில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், முழுவதும் திரும்ப எழுதவில்லை. அந்தப் பையன் கேட்டது மாற்கு 13:32. அந்த நாளையும் நாழிகையையும் "குமாரனும் அறியார்" என்று இயேசுவே சொல்கிறாரே, பிறகு அவரைத் தேவன் என்று எப்படிச் சொல்கிறோம் என்றான். அவ்வளவுதான். விசுவாசம் இல்லாதவன்தான் இப்படிக் கேட்பான் என்று பதில் வந்தது, அடுத்த ஞாயிறு பாடம் வாசிக்கிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

அவனோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் அம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போனால், "உங்க பையன் யெகோவா சாட்சில சேந்துட்டானாமே?" என்று கேட்கிறார்கள். அவன் எங்கேயும் சேரவில்லை. இயேசுவைத் தேவன் என்று ஏற்காத அந்தச் சாட்சிகள் வீட்டு வாசலுக்கு வந்து காட்டிய வசனத்தை நம்மிடம் கொண்டுவந்து கேட்டான், நாம் சொல்லிக்கொடுத்ததே அதைத்தானே? கணவர் இறந்தபின் சபைதான் துணை என்று இருந்த அந்த அம்மா, இப்போது ஆராதனை முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் பக்கக் கதவு வழியாகப் போய்விடுகிறார். ஞாயிறு பள்ளியில் அவனுக்குப் பாடம் சொன்னவள் நான், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கேள்விக்காகவே ஒரு வேதபாட வகுப்பு வையுங்கள், நமக்குத் தோதான வசனங்களோடு இடிக்கிற வசனங்களையும் திறந்துவைத்துப் பேசுங்கள்.

இயேசு தேவன் என்றுதான் நானும் விசுவாசிக்கிறேன். அதற்கு வேதத்தில் ஆதாரத்துக்கா பஞ்சம்? தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறார், இயேசு தடுக்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் காலில் விழுந்தபோது தூதன் "தேவனைத் தொழுதுகொள்" என்று மறுத்துவிடுகிறான், லீஸ்திராவில் ஜனங்கள் பலியிட வந்தபோது பவுலும் பர்னபாவும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறார்கள், இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர் தடுக்காததன் கனம் தெரியும். ஏசாயா 45இல் முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும் என்று கர்த்தர் தம்மைப் பற்றிச் சொன்னதை, பவுல் பிலிப்பியர் 2இல் இயேசுவுக்குச் சொல்கிறார். அதே அதிகாரத்தில்தான் அவர் தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார் என்றும் இருக்கிறது. பையனுக்குப் பதில் சொல்லத் தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

ஆனால் அன்றைக்கு அவன் வாயை அடைக்க எடுத்துக் காட்டியது 1 யோவான் 5:7. பரலோகத்தில் சாட்சியிடுகிற பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்னும் மூவர் பற்றிய அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலும் இல்லை, 1522 பதிப்பில்தான் சேர்த்தார். கைபேசி வைத்திருக்கிற பையன் இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? அப்புறம் தோமா சொன்னதையும் சேர்த்துச் சந்தேகப்படுவான்.

இது இன்று முளைத்த கேள்வியும் அல்ல. "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற வசனத்தை குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுஸ் பக்கத்தார் அன்றே நீட்டினார்கள். 325இல் பேராயர்கள் நிசேயாவில் கூடியும் சண்டை தீரவில்லை, 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் மறுபடி கூட வேண்டியிருந்தது, நடுவில் குமாரனும் தேவனே என்று வாதாடிய பேராயர் அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். திருவிருந்து ஆராதனையில் நாம் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணம் அந்தச் சண்டையில் பிறந்தது. அவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வாதாடியதை நம்மால் ஒரு சாயங்காலம் பேச முடியாதா? அசனப் பண்டிகைக்கு ஆட்டுக்கறியா கோழியா என்று தீர்மானிக்க நள்ளிரவு வரை கமிட்டி உட்கார்கிறது. கமிட்டித் தேர்தல் வந்தால் வீடு வீடாக வர எல்லோருக்கும் நேரம் கிடைக்கிறது, ஜெபம்கூடக் கொஞ்சம் நீளமாகவே பண்ணுகிறீர்கள். சரி, அதை விடுங்கள், அதற்காக எழுதவில்லை.

அந்த வகுப்புக்குத் தயவுசெய்து ஒரு தேதி சொல்லுங்கள். ஐயருக்கு வேலை அதிகம் என்றால் இறையியல் கல்லூரியிலிருந்து ஒருவரை அழைக்கலாம், போக்குவரத்துச் செலவை ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பாடம் வாசிக்கிறவர்கள் பட்டியலில் அவன் பெயரைத் திரும்பச் சேருங்கள். ஐயர் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய் வர வேண்டும், ஜெபம் பண்ணின கையோடு எழும்பிவிடாமல் அந்த அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை