இரண்டு குச்சிகள்

தூத்துக்குடி,
ஞாயிறு காலை

அன்பு மகள் செல்விக்கு,

நீ அனுப்பிய வீடியோவை அம்மா நாலு தடவை பார்த்துவிட்டாள். அவள் கண்ணெல்லாம் உன் ஹீல்ஸ் செருப்பு மேல்தான், வழுக்கிவிடாதா என்று கேட்கச் சொன்னாள். எனக்கு உறுத்தியது வேறு. "ஸ்பானிஷ் டான்ஸ் கத்துக்கிறேம்ப்பா" என்று போனில் சொன்னாயே, அது. மாட்ரிட்டில் இருந்துகொண்டு சல்சா ஆடினால் அப்படித்தான் தோன்றும். பாட்டின் பாஷை ஸ்பானிஷ்தான், கிட்டாரும் அங்கிருந்து போனதுதான். தாளம் அங்கிருந்து வந்ததில்லை பாப்பா.

1986-ல் சர்க்கரை ஏற்ற கியூபாவின் மத்தான்சாஸ் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். மழை தூறினால் போதும், ஹேட்சை, அதாவது கப்பலின் சரக்கறை மூடியை, மூடிவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். அந்தத் தடவை ஐந்து நாள் மழை. எஞ்சின் ரூமில் எனக்கும் பெரிய வேலை இல்லை. ஒரு சாயங்காலம் வெளியே போனபோது, ஒரு வீட்டு முற்றத்தில் நாலைந்து பெரியவர்கள் மரப்பெட்டிகள் மேல் உட்கார்ந்து அதையே தட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்பர்கள், பாதிப் பேர் துறைமுகக் கூலிகள். ஒருவர் கையில் மட்டும் ஒரு சாண் நீளத்தில் இரண்டு குச்சி.

பெட்டி என்றால், கருவாட்டுப் பெட்டி! உப்புப் போட்ட காட் மீன் வந்து இறங்கும் பெரிய பெட்டி கனத்த சத்தத்துக்கு, மெழுகுவர்த்தி வந்த சின்னப் பெட்டி கீச்சுச் சத்தத்துக்கு. அந்தக் காலத்தில் கறுப்பர்கள் தோல் மேளம் அடித்தால் அதிகாரிகளுக்கு ஆகாது. காலிப் பெட்டியை யார் என்ன சொல்ல முடியும்? குச்சிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஹவானாவில் கப்பல் கட்டும்போது ஆணிக்குப் பதிலாக அடிக்கும் கெட்டியான மர முளைகள்தாம் அவை என்பார்கள். கிளாவே என்று பெயர். கப்பலில் ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு இதைக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா?

நானும் கை தட்டினேன், நம் ஊர் பஜனையில் தட்டுவது போலச் சீராக. குச்சிக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டவில்லை. இடது கையைக் குழிவாக வைத்து அதன் மேல் ஒரு குச்சியைத் தளர்வாகக் கிடத்தினார். அது பெண். அடிக்கிற குச்சி ஆண். பெண் குச்சியை இறுக்கிப் பிடித்தால் சத்தம் செத்துவிடும்.

உன் மாஸ்டர் எண்ணும் எட்டை இரண்டிரண்டாக உடைத்தால் 16. அதில் 1, 4, 7, 11, 13-ல் தட்டிப் பார். மூன்று அடி, அப்புறம் இரண்டு அடி. சல்சாவுக்கு உள்ளே ஓடுவது இதுதான், சில பாட்டில் இரண்டு முன்னால் வரும். அந்த முற்றத்தில் கேட்டது ரும்பா என்கிற வேறு வகைப் பாட்டு. அதில் 7-ல் விழ வேண்டிய அடி 8-க்குத் தள்ளிப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் உடம்பே வேறு மாதிரி அசையும். எனக்கு அது பிடிபட மூன்று நாள் ஆனது. குச்சிச் சத்தமே இல்லாத பாட்டிலும் பியானோக்காரர் முதல் டிரம்பெட்காரர் வரை அதற்குள் அடங்கித்தான் வாசிப்பார்கள். எண்ணுவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு அதைத் தேடிக் கேள்.

மத்தான்சாஸைச் சுற்றி முன்பு முழுக்கக் கரும்புத் தோட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து யொரூபா, காங்கோ மக்களை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு வந்து அதில் கரும்பு வெட்ட விட்டார்கள். தாளம் அவர்களோடு வந்ததுதான். கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886-ல். நான் அங்கே நின்றபோது சரியாக நூறு வருஷம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவர்களின் தாத்தா பாட்டி யாராக இருந்திருப்பார்கள் என்பதும் தோன்றவில்லை. சர்க்கரையை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

சல்சா என்ற பெயர் 1970-களில் நியூயார்க்கில் பரவியது. கியூபா, போர்ட்டோ ரிக்கோ ஆட்கள் கொண்டுபோன பாட்டுக்கு ஃபானியா என்கிற ரெக்கார்டு கம்பெனி அந்த லேபிளை ஒட்டி விற்றது. அந்த பேண்டுகளுக்கு அடித்தளம் போட்டவர் ஆர்செனியோ ரொத்ரிகெஸ். காங்கோ வம்சம், சின்ன வயதிலேயே கண் போனவர், த்ரெஸ் என்கிற சின்ன கிட்டார் வாசிப்பார். 1940-களில் கொங்கா மேளத்தையும் பியானோவையும் கூடுதல் டிரம்பெட்டுகளையும் சேர்த்தவர் அவர்தான். சல்சா காசு பார்ப்பதற்கு முன்பே, 1970 கடைசியில் போய்விட்டார். எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு. உன் மாஸ்டரிடம் அவர் பெயரைக் கேட்டுப் பார், என்ன சொல்கிறார் என்று எழுது.

அந்தப் பெரியவர் கிளம்பும்போது ஒரு ஜோடி கொடுத்தார். டிரங்குப் பெட்டியில் தேடினால் ஒன்றுதான் இருக்கிறது. மற்றது நம் வீட்டுப் பின்கதவுக்கு ஆப்பாக இருந்திருக்கிறது, இத்தனை வருஷமாக! அம்மா சிரிக்கிறாள். அது பிளந்துபோய்விட்டதால் ஆசாரியிடம் கருங்காலியில் புதிதாக ஒன்று கடைந்து வாங்கினேன். அடுத்த மாதம் வரும் உன் சித்தப்பா மகனிடம் இரண்டையும் கொடுத்தனுப்புகிறேன். வெளுத்துப்போனதுதான் பழசு, அதை இடது கையில் வை.

அப்பா