முதலில் கொக்கி, பிறகு ஃபேன்

கும்பகோணம்
புரட்டாசி, ஞாயிறு

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்தது. குறுவை அறுப்பு முடிந்து நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் காத்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். சாயங்காலமே தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுப் பகலில் நன்றாகக் கிளறிவிடு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடை போட யோசிப்பார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

தீபாவளிக்குள் வீட்டில் மூன்று ஃபேன் மாட்ட வேண்டும், நாமே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். ஏற்கெனவே பாயிண்ட் இருக்கிற இடத்தில் பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவதை நீயும் தம்பியும் சேர்ந்தே செய்யலாம். புதிதாக லைன் இழுப்பதையும் போர்டு மாற்றுவதையும் மட்டும் லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விட்டுவிடு. ஆனால் யார் மாட்டினாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஒயரைத்தான் பயந்து பயந்து பார்க்கிறார்கள், கொக்கியை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஃபேன் கழன்று விழுவது கொக்கி, போல்ட், போல்டில் செருகும் பின் இவற்றால்தான். நாலு, ஐந்து கிலோ எடை நிமிஷத்துக்குச் சுமார் 350 சுற்று சுற்றுகிறது. கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் ஒவ்வொரு சுற்றும் கொக்கியை ஒரு தடவை அசைத்துவிட்டுப் போகும். வருஷக்கணக்கில் இப்படி அசைந்தால் இரும்பும் தேயும். அதனால் வேலை நேரத்தில் பாதியைக் கொக்கிக்கே கொடு.

உன் வீட்டில் மூன்று அறைக்கும் மூன்று விதமான கூரை. ஒவ்வொன்றுக்கும் தனி வழி இருக்கிறது.

முன்கூடம் கான்கிரீட். கூரை போடும்போதே ஃபேன் பாக்ஸ் வைத்திருப்பார்கள். அதில் கொக்கியாகக் குறுக்கே ஓடும் கம்பி 12 மி.மீ. கனம் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், அந்தக் கம்பியின் இரண்டு முனையும் ஸ்லாபின் கம்பிகளுக்கு மேலே படுத்திருக்க வேண்டும். வெறும் பாக்ஸ் தகரத்தை நம்பி நிற்கக் கூடாது. மேலே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை நல்ல கயிற்றால் கொக்கியில் கட்டித் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் அரை மணி நேரம் தொங்க விடு. அந்த நேரத்தில் கீழே யாரும் போகக் கூடாது. ஃபேன் எடையைப் போல ஐந்து மடங்கை அலுங்காமல் தாங்கினால் கொக்கியை நம்பலாம். பாக்ஸைச் சுற்றி விரிசல் விட்டாலோ, காரைத் தூள் கொட்டினாலோ அந்த இடத்தை விட்டுவிடு. கொக்கியே இல்லாத கான்கிரீட்டில் ஓட்டை போட்டு, அதற்குள் விரிந்து பிடிக்கிற ஆங்கர் போல்ட் அடிப்பார்கள். அடித்தால் ஒன்று போதாது. கொக்கித் தகட்டுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும், ஓட்டையின் தூளை ஊதித் துப்புரவாக எடுத்துவிட்டுத்தான் முடுக்க வேண்டும். தூள் மிஞ்சினால் போல்ட் பிடித்த மாதிரி இருக்கும், ஆட்டத்தில் நழுவும். காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிற ஸ்லாபில் ஆங்கரே வேண்டாம்.

அம்மா படுக்கும் அறை பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புக் காரை போட்டது. அந்தச் செங்கல்லில் ஓர் ஆணிகூட அடிக்காதே. அது ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துத்தான் நிற்கிறது, துளைத்தால் பிடி விட்டுப்போகும். பாரம் முழுக்கக் கட்டையில்தான் விழ வேண்டும். மரையாணிக் கொக்கியைக் கட்டையின் அடியில் திருகி மாட்டுகிற வழக்கம் இருக்கிறது, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீழ்நோக்கி இழுக்கும் பாரத்தை மரையின் பிடி ஒன்றே தாங்குகிறது, ஆட்டத்தில் மரம் தேய்ந்து மரை தளரும். அதற்குப் பதில் 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையைக் கட்டையின் இரு பக்கமும் கவ்வுகிற மாதிரி வளைத்து, பக்கவாட்டில் கட்டையின் நடு உயரத்தில் 10 மி.மீ. போல்டை ஊடுருவ விட்டு, வாஷர் போட்டு முடுக்கு. பட்டையின் அடியில் கொக்கியைப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

நடுக்கட்டு நாட்டு ஓடு, பனங்கைமரம். பனைக்கு வைரம் வெளிப்பக்கம்தான், உள்ளே சோறு. அதில் திருகிய எதுவும் நிற்காது. பனங்கையில் தொங்கவிடாமல் தேக்கு விட்டத்துக்கே அதே பட்டையைப் போடு. விட்டம் அறையின் நடுவில் இல்லையென்றால் இரண்டு விட்டங்களுக்கு மேலே ஒன்றரை அங்குல ஜிஐ குழாயைக் குறுக்கே கிடத்தி, இரு முனையையும் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதில் தொங்கவிடலாம். எந்த மரமானாலும் முதலில் ஸ்குரு டிரைவர் முனையால் குத்திப் பார், சுத்தியல் காம்பால் தட்டிப் பார். பொத்தென்று சத்தம் வந்தாலும், சுவரில் செருகிய முனையில் கரையான் மண் தெரிந்தாலும் அந்த மரம் வேண்டாம். கரையான் பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும் முனையைத்தான் முதலில் தின்னும், நடுவில் தட்டினால் நல்ல மரமாகவே கேட்கும்.

ஓட்டுக் கூரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1200 மி.மீ. ஃபேனின் இறக்கை நுனி நடுவிலிருந்து 2 அடி தள்ளிச் சுற்றும். கூரை 30 டிகிரி சரிந்தால் அந்த 2 அடிக்குள் ஓடு ஓர் அடிக்கு மேல் இறங்கியிருக்கும். மேலே இடம் தாராளமாக இருப்பது போலத் தெரியும், நுனி கைமரத்தில் இடிக்கும். ஃபேனைத் தொங்கவிடும் ராடின் நீளத்தை இதைப் பார்த்து முடிவு செய். பொதுவாக இறக்கைக்கும் கூரைக்கும் ஓர் அடியாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மேலிருந்து இழுக்கக் காற்று கிடைக்காது. தரையிலிருந்து இறக்கை 8 அடிக்குக் கீழே வரவே கூடாது. கட்டில் மேல் நின்று கொசுவலை கட்டுகிறவர்கள் வீட்டில் இன்னும் கொஞ்சம் உயரம் நல்லது. தொங்கும் இடத்திலிருந்து இறக்கை வரை ராடு நீளத்தோடு 3, 4 அங்குலம் சேர்த்துக்கொள். 10 அடிக் கூரைக்கு ஓர் அடி ராடு சரி. பரண், சுவர், தூண் எதற்கும் நுனி இரண்டடி தள்ளியே சுற்றட்டும். நீள ராடு வேண்டுமென்றால் ஒரே துண்டாக ஓட்டை போட்டு விற்பதை வாங்கு. இரண்டு ராடை ஒட்டிப் பற்றவைத்தது வேண்டாம், அந்த ஒட்டில்தான் முறியும்.

இனி மாட்டுவது. மோட்டாரைத் தரையில் சாக்கு விரித்து வைத்து, ஒயரை ராடுக்குள் மேலே இழுத்து, ராடின் இரண்டு முனையையும் மூடுகிற கீழ்க்கப்பையும் மேல்கப்பையும் முதலிலேயே ராடில் கோத்துக்கொள். கப்பை மறந்துவிட்டு மேலே ஏறினவர்கள் எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்ப மாட்ட வேண்டி வரும். மோட்டார் தண்டின் ஓட்டையும் ராடின் ஓட்டையும் நேராக வந்ததும் போல்டைக் கையால் மெதுவாக விடு. இங்கே நிதானம் வேண்டும். போல்ட் போகிற பாதையில் ஒயர் குறுக்கே கிடந்தால் அதன் தோல் கிழிந்து ராடு முழுக்கக் கரண்ட் பாயும். ஒயரை மேலிருந்து லேசாக இழுத்துப் பார், தாராளமாக அசைந்தால்தான் சரி. நட்டை முடுக்கிய பிறகு போல்டின் நுனி ஓட்டையில் ஸ்பிளிட் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் எதிரெதிராக விரித்து மடக்கு. நட்டு தளர்ந்தாலும் போல்ட் வெளியே வராமல் காப்பது இந்தப் பின்தான். மேலே ராடைக் கொக்கியில் மாட்டுகிற ஷேக்கிளிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. பழசைத் திரும்பப் போடாதே, ஒரு தடவை மடக்கிய கால் அடுத்த தடவை ஒடியும். கொக்கியில் உட்காரும் ரப்பர் உருளையும் புதிதாக இருக்கட்டும். அது தேய்ந்தால் இரும்போடு இரும்பு உரசும்.

மேலே ஏறுவதற்கு முன் கரண்டை நிறுத்து. உன் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதை மறக்காதே. மெயினை இறக்கினால் இன்வெர்ட்டர், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, ஃபேன் லைனுக்குத் தானே சப்ளை கொடுக்கும். மெயினை இறக்கிவிட்டோம் என்ற தைரியத்தில் ஒயரைப் பிடிப்பது நம் பக்கத்து வீடுகளில் பெரிய ஆபத்து. முதலில் இன்வெர்ட்டரை அணை, பிறகு மெயின், பிறகு போர்டில் இருக்கும் எம்சிபி பிரேக்கர். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது உண்டு. அப்போது சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஒயரில் லைன் உயிரோடு இருக்கும். டெஸ்டரை மட்டும் நம்பாமல் ஹோல்டரில் பல்பு மாட்டி, வேறு பாயிண்டில் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதே பல்பை இந்த ஒயரில் வைத்துப் பார். லைனுக்கும் நியூட்ரலுக்கும், லைனுக்கும் எர்த்துக்கும் இரண்டிலும் எரியக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியும் கட்டில் மேல் ஸ்டூலும் வேண்டாம். சிவப்புச் சிமெண்டுத் தரை வழுக்கும், ஏணியின் காலுக்கு ரப்பர் இருக்கட்டும், தம்பி பிடித்துக்கொள்ளட்டும்.

தொங்கவிட்ட பிறகு லைனையும் நியூட்ரலையும் கனெக்டரில் இறுக்கு. முறுக்கி டேப் சுற்றினால் சூட்டில் பசை விட்டுவிடும். எர்த் ஒயரைச் சும்மா வெட்டி விடாதே. பச்சை ஒயரை எர்த் முனையில் கட்டாயம் கொடு. அம்மா அறையில் எர்த்தே இல்லையென்றால் அதை இழுக்கத்தான் வயர்மேனைக் கூப்பிட வேண்டும், கூடவே கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போர்டில் போடச் சொல். கண்டென்சரின் இணைப்பைக் கம்பெனி காட்டிய படத்தில் உள்ளபடியே விடு. இடம் மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், காற்று மேலே போகும். இறக்கையின் உயர்ந்த விளிம்பு முன்னால் போகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஓட்டுக் கூரைக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஓடு எங்காவது ஒழுகினால் தண்ணீர் விட்டத்திலிருந்து பட்டைக்கும், பட்டையிலிருந்து ராடுக்கும் இறங்கும். கனெக்டருக்கு வரும் ஒயரைச் சற்றுத் தாழ வளைத்து விட்டுப் பிறகு மேலே ஏற்று. தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஃபேனுக்கு மேலே உள்ள ஓடுகளை மழைக்கு முன்பே மாற்றிவிடு.

இறக்கையை மோட்டார் தொங்கிய பிறகுதான் மாட்ட வேண்டும். எல்லாத் திருகிலும் ஸ்பிரிங் வாஷர் இருக்கிறதா பார். ஒரு பெட்டியில் வந்த மூன்று இறக்கையும் எடை ஒத்துப் பார்த்து வைத்தவை, வேறு ஃபேனின் இறக்கையோடு கலக்காதே. ஃபேன் ஆடினால் ஒவ்வோர் இறக்கை நுனியையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, கூரையிலிருந்து அளந்து பார். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இறக்கையின் கை வளைந்திருக்கிறது. கையால் நிமிர்த்தப் பார்க்காமல் கடையில் மாற்றிக்கொள். அளவு சரியாக இருந்தும் ஆடினால் ராடின் போல்டைப் பார். கீழ்க்கப் மோட்டாரில் உரசினால் கரகரவென்று சத்தம் வரும், கொஞ்சம் தூக்கித் திருகினால் போதும். முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டி, கரண்டை நிறுத்தி, எல்லாத் திருகையும் மறுபடி முடுக்கு. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றும் எழுதியிருந்தாய். பம்புசெட் ஓடுகிற நேரத்தில் மட்டும் மெதுவானால் அது வோல்டேஜ் குறைவு. எப்போதுமே மெதுவென்றால் கண்டென்சர் தேய்ந்திருக்கும். 2.5 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருந்தால் அதே அளவு, 440 வோல்ட் வாங்கு. பெரிய அளவு போட்டால் வேகம் கூடும் என்று சொல்வதைக் கேட்காதே, மோட்டாரின் கம்பிச் சுருள் சூடாகும்.

புதிதாக வாங்குவதில் பிஎல்டிசி ஃபேன் நல்லது, அது எலக்ட்ரானிக் சர்க்யூட்டால் ஓடும் மோட்டார். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டுக்குள் முடித்துவிடும். தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு மாதம் 20 யூனிட் மிச்சம். பெரும்பாலானவை வோல்டேஜ் குறைந்தாலும் வேகம் குறையாமல் சுற்றும். ஆனால் அதற்குப் பழைய ரெகுலேட்டர் வேண்டாம், லைனை நேராகக் கொடு. ரெகுலேட்டர் வழியே கொடுத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பழுதாகலாம்.

வேதாரண்யத்தில் அக்கா வீட்டிலும் மாட்டப் போவதாகச் சொன்னாய். உப்புக் காற்று பட்ட கொக்கியும் பின்னும் நம் பக்கத்தைவிடச் சீக்கிரம் துருவேறும். அங்கே துத்தநாகம் பூசிய போல்டும் ஸ்டெயின்லெஸ் பின்னும் போடு. வருஷத்துக்கு ஒரு தடவை மேல்கப்பை இறக்கிக் கொக்கியைப் பார்க்கச் சொல்.

அம்மா அறைக் கட்டையின் அகலத்தையும் உயரத்தையும் மி.மீ. கணக்கில் அளந்து எழுது, நடுக்கட்டு விட்டத்தின் அளவும் வேண்டும். நான் இங்கே பட்டையை வளைத்து, ஓட்டை போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து நீடாமங்கலம் பஸ்ஸில் அனுப்பிவைக்கிறேன். இரண்டு அறைக்கும் சேர்த்து நாலு ஸ்பிளிட் பின் கூடவே வைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்