தோற்றவருக்கு ஒரு நாற்காலி: ஃபிடேவுக்குத் திறந்த மடல்

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர், துணைத் தலைவர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சதுரங்கப் பயிற்சியாளர்களும் நடுவர்களுமான நாங்கள் உங்களிடம் கேட்பது இரண்டே இரண்டு. உலகப் பட்டப் போட்டியில் தோற்றவருக்கு, சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த கேண்டிடேட்ஸ் தொடரில் நேரடி இடம் இருந்தது. 2026 தொடருக்கான விதிமுறையில் அதை எடுத்துவிட்டீர்கள். அதைத் திருப்பிக் கொடுங்கள். பட்டப் போட்டியின் 14 ஆட்டங்களை 18 ஆக்குங்கள்.

விளையாட்டில் மிகப் பெரிய எதிரிகள் யார் என்று பேச்சு வந்தால், எல்லோரும் முதலில் பகையைத்தான் தேடுகிறார்கள். கை குலுக்காமல் போனது, பேட்டியில் குத்திப் பேசியது, கொடி, அரசியல். சோவியத் சதுரங்க வீரர்களான கார்ப்போவ்–காஸ்பரோவ் ஜோடியிடம் இதெல்லாம் தாராளமாகவே இருந்தது. ஆனால் 1972 ஃபிஷர்–ஸ்பாஸ்கி போட்டியில் இதைவிட அதிகமாகவே இருந்தது. அது ஒரு மாபெரும் சம்பவம், மறுப்பில்லை. 1975இல் ஃபிஷர் பட்டத்தைக் காக்க ஆட வரவேயில்லை. அதோடு அந்தக் கதை நின்றுபோனது. கார்ப்போவும் காஸ்பரோவும் 1984 முதல் 1990 வரை ஐந்து பட்டப் போட்டிகள் ஆடினார்கள். மொத்தம் 144 ஆட்டங்கள். காஸ்பரோவ் 21 வெற்றி, கார்ப்போவ் 19, டிரா 104. புள்ளியாகப் பார்த்தால் 73–71. இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பார்த்தால்தான் எங்கள் கோரிக்கை புரியும்.

1984 செப்டம்பர் 10, மாஸ்கோ. முதலில் 6 ஆட்டம் வெல்பவருக்குப் பட்டம். டிராவுக்குக் கணக்கே கிடையாது. சாம்பியன் கார்ப்போவுக்கு 33 வயது, சவால் விட்ட காஸ்பரோவுக்கு 21. ஒன்பது ஆட்டம் முடிந்தபோது கார்ப்போவ் 4–0 முன்னிலை. காஸ்பரோவ் அதுவரை நம்பியிருந்த டராஷ் தடுப்பாட்டத்தைக் கார்ப்போவ் 7ஆம், 9ஆம் ஆட்டங்களில் பிரித்துப் போட்டுவிட்டார். அந்தத் திறப்பில், அதாவது ஆட்டத் தொடக்க வரிசையில், கறுப்பின் டி5 கட்டத்துச் சிப்பாய் தனியாளாக நிற்கும். தோள் கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு சிப்பாய் இருக்காது. அதற்கு ஈடாகக் காய்கள் சுறுசுறுப்பாகப் பாயும். கார்ப்போவின் வைத்தியம் எளிமையானது: அந்தச் சிப்பாயை நகரவிடாமல் மறித்து, பாயும் காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது. பாய்ச்சல் தீர்ந்துபோகும், அநாதைச் சிப்பாய் மிஞ்சும்.

9ஆம் ஆட்டத்தின் 47ஆவது நகர்வைப் பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்புச் சிப்பாய் எச்4 கட்டத்தில் வெட்டிவிட்டு நிற்கிறது. எந்தப் பிள்ளையும் யோசிக்காமல் திருப்பி வெட்டும். கார்ப்போவ் வெட்டவில்லை, குதிரையை ஜி2வுக்குப் பின்வாங்கினார். திருப்பி வெட்டியிருந்தால் தன் சிப்பாயே தன் ராஜா உள்ளே போகும் வழியை அடைத்திருக்கும். அதை விட்டுக்கொடுத்ததால் வாசல் திறந்தது. ராஜாவும் குதிரையும் உள்ளே நுழைந்தன. இழந்த சிப்பாய் மூன்று நகர்வில் திரும்பி வந்தது.

அதன் பிறகு காஸ்பரோவ் டராஷை மூட்டை கட்டி வைத்தார். 10 முதல் 26 வரை 17 ஆட்டங்கள் வரிசையாக டிரா. பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள்; ஆனால் கார்ப்போவ் எந்த நிலையில் அவசரப்பட மாட்டார், எதைத் தொட மாட்டார் என்று இளையவர் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். 27ஆவதில் 5–0 ஆனது. இன்னும் ஒரு தோல்வி வந்தால் கதை முடிந்தது என்ற நிலையிலிருந்து 21 ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார். அவற்றில் 32, 47, 48 மூன்றையும் வென்றார். 1985 பிப்ரவரி 15 அன்று, ஐந்து மாதத்துக்குப் பிறகு, அன்றைய ஃபிடே தலைவர் காம்போமேனஸ் முடிவு தெரியாமலேயே போட்டியை நிறுத்தினார். 5–3, 40 டிரா. அந்த நாளை உங்கள் அலுவலகம் மறந்திருக்காது.

எல்லை இல்லாத போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதை நாங்கள் கேட்கவில்லை. அடுத்து 24 ஆட்டம் என்று வரம்பு வந்தது. 12–12 என்றால் பட்டம் பழைய சாம்பியனிடமே இருக்கும். சதுரங்கம் கண்ட நல்ல விதிகளில் அது ஒன்று என்பது எங்கள் கருத்து.

1985 போட்டியின் 12ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ் கறுப்புக் காய்களுடன் சிசிலியன் திறப்பை ஆடி, எட்டாவது நகர்விலேயே சிப்பாயைப் பலி கொடுத்தார். 18 நகர்வில் டிரா. 16ஆவது ஆட்டத்தில் மறுபடி அதே பலி. இந்த முறை 16ஆவது நகர்வில் கறுப்புக் குதிரை டி3 கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. வெள்ளையின் இரண்டு யானைகளும் போக இடமில்லாமல் திணறின. ஏ3 குதிரை பி1 மூலைக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. 40 நகர்வில் கார்ப்போவ் கைவிட்டார். அந்தக் குதிரைக்கு எட்டுக்கால் ஆக்டோபஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பட்டமும் அந்தப் போட்டியில் காஸ்பரோவுக்குப் போனது. பலரும் கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். கார்ப்போவ் நிறுத்தவில்லை. 1986இல் பிரஸ்ஸல்ஸ் தொடரில் வான் டெர் வீல் அதே வரிசையைத் தனக்கு எதிராக ஆடியபோது, 12ஆவது நகர்வில் மந்திரியை ஈ3யில் வைத்தார். அந்தப் பலியின் பல் விழுந்துவிட்டது. தோற்றுப்போன ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பதில் கண்டுபிடித்து வந்திருக்கிறார்.

ரூய் லோபஸ் என்ற திறப்பில் ஸைட்ஸெவ் வரிசை இதற்கு நேர்மாறான வழக்கு. அது கார்ப்போவின் சொந்த ஆயுதம். 1986இல் 14, 16, பிறகு 1990இல் 2, 20 என நான்கு ஆட்டங்கள் அதில் தோற்றும் அவர் அதை விடவில்லை. இதைப் பிடிவாதம் என்றும் சொல்லலாம். எங்களுக்கு அது, ஒரே கேள்வியை இரண்டு பேரும் நாலு வருஷம் மேஜையிலிருந்து எடுக்காமல் வைத்திருந்ததாகத்தான் படுகிறது.

செவில், 1987 டிசம்பர். 23ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ் யானையைக் கொடுத்து ஒரு தாக்குதல் தொடுத்தார், கணக்கு தப்பியது. எச்6 கட்டத்துக்கு வந்த ஒரே மந்திரி நகர்வில் எல்லாம் கவிழ்ந்தது. கார்ப்போவ் 12–11 முன்னிலை. கடைசி ஆட்டத்தை வென்றால்தான் பட்டம் தங்கும். காஸ்பரோவ் பாய்ந்தாரா? இல்லை. சீ4 என்று அமைதியாகத் தொடங்கி, காய் மாற்றங்களைத் தவிர்த்து, கார்ப்போவின் கடிகாரத்தைத் தேய்த்தார். அந்தக் காலத்தில் ஐந்து மணி நேரம் ஆனால் ஆட்டம் நிற்கும். அடுத்த நகர்வை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டு மறுநாள் தொடர்வார்கள். ஒரு சிப்பாய் கூடுதலோடு இரவைக் கழித்த காஸ்பரோவ் மறுநாள் 64ஆவது நகர்வில் வென்றார். 12–12. பொறுத்து, இறுக்கி, மூச்சு முட்ட வைக்கும் அந்த ஆட்டம் கார்ப்போவின் பாணி. எதிரியிடம் கற்றதைக் கடைசி நாளில் எதிரியின் மேலேயே இறக்கினார்.

ஒரு ஜோடியை மாபெரும் ஜோடி என்று சொல்ல நாங்கள் பார்ப்பது இதைத்தான்: ஒருவர் கண்டுபிடித்ததற்கு மற்றவர் பதில் தேட நேரம் இருந்ததா, அந்தப் பதிலை ஆடிக்காட்ட மேடை இருந்ததா. திறமையும் பகையும் அவர்கள் கொண்டுவருவது. நேரமும் மேடையும் உங்கள் கையில்.

முதலில் மேடையைப் பற்றி. தோற்ற கார்ப்போவ் திரும்பத் திரும்ப வர வழி இருந்தது. 1986இல் மறு ஆட்ட உரிமை. 1987இல் லினாரெஸில் சொக்கலோவை 7.5–3.5 என்று தோற்கடித்து வந்தார். 1990க்கு முன் ஹ்யார்தார்சன், யூசுப்போவ், டிம்மன் மூவரையும் தாண்டி வந்தார். தானாகக் கிடைக்கும் மறு ஆட்டம் இன்று தேவையில்லை. சாம்பியனுக்கு அது சலுகை, மற்றவர்களுக்கு அநியாயம். ஆனால் கேண்டிடேட்ஸில் ஒரு நாற்காலி வேறு விஷயம். அதில் உட்கார்ந்தாலும் 14 ஆட்டம் ஆடி ஏழு பேரைத் தாண்டியாக வேண்டும்.

2022இல் சென்னைப் பொதுச்சபையில் துணைத் தலைவராகத் தேர்வான விஸ்வநாதன் ஆனந்துக்கு இதை நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. 2013 நவம்பரில் சொந்த ஊரான சென்னையில் கார்ல்சனிடம் 6.5–3.5 என்று தோற்றார். 12 ஆட்டப் போட்டி பத்திலேயே முடிந்தது. நாலு மாதத்தில், தோற்றவருக்கான அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேண்டிடேட்ஸை 8.5 புள்ளியுடன், ஒரு ஆட்டமும் தோற்காமல் வென்றார். சோச்சியில் மறுபடியும் அதே இருவர். அங்கேயும் தோற்றார், ஆனால் 3ஆவது ஆட்டத்தில் கார்ல்சனை வீழ்த்தினார். சென்னையில் அது நடக்கவே இல்லை. 2013 முதல் 2024 வரை ஏழு கேண்டிடேட்ஸ் தொடர்களில் இந்த நாற்காலி இருந்தது: கெல்ஃபண்ட், ஆனந்த் இரண்டு முறை, கர்யாகின், கருவானா, நெப்போம்னியாச்சி இரண்டு முறை. இவர்களில் இரண்டு முறை அதில் இருந்தவரே தொடரை வென்றார்: 2014இல் ஆனந்த், 2022இல் நெப்போம்னியாச்சி. ஓசியில் கொடுத்த இடம் என்று யாரும் சொல்ல முடியாது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தின் 55ஆவது நகர்வில் அன்றைய சாம்பியன் டிங் லிரன் தவறுதலாக யானையை எஃப்2வில் வைத்தார். குகேஷ் யானையை மாற்றி, மந்திரியையும் மாற்றி, ராஜா–சிப்பாய் முடிவாட்டத்துக்கு இழுத்துப் போனார். 7.5–6.5. எங்கள் தெருவெல்லாம் பட்டாசு. ஆனால் 13 ஆட்டம் சமமாக ஓடி, ஒரு நகர்வில் தோற்ற டிங்குக்கு அடுத்த கேண்டிடேட்ஸில் தானாக ஒரு நாற்காலி இல்லை.

யாருடைய இடத்தை எடுப்பது என்று கேட்பீர்கள். ரேட்டிங் என்ற ஆட்டத்திறன் மதிப்பெண்ணை வைத்துத் தரும் இடத்தை. சராசரி ரேட்டிங்குக்காகக் கடைசி மாதங்களில் எண்ணிக்கை நிரப்ப ஆடுவதும், அவசரமாகப் போட்டி ஏற்பாடு செய்வதும் உங்களுக்கே தலைவலி. (அவசரப் போட்டிகளைக் குறை சொல்லும்போது எங்கள் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் போகிறது. 2023 டிசம்பரில் சென்னையில் அப்படி ஒன்று நடந்து, அதைக் குகேஷ் வென்று, ஆண்டு முழுதும் போட்டிகளில் சேர்க்கும் புள்ளிகளைக் கணக்கிடும் சர்க்யூட் வழியாகக் கேண்டிடேட்ஸுக்குப் போனார்.)

இனி நேரம். 14 ஆட்டத்தில் ஒருவருக்கு வெள்ளை ஏழு முறைதான். ஒரு திறப்பில் அடி வாங்கி, பதில் தயாரித்து, சோதித்து, மறுபடி அடி வாங்குவதற்குள் போட்டி முடிந்துவிடுகிறது. இதைவிடச் சிறியதான 12 ஆட்டத்தில் என்ன ஆனது என்பதை 2018 லண்டனில் பார்த்தோம்: 12ம் டிரா. கடைசி ஆட்டத்தில் நல்ல நிலையில் இருந்த கார்ல்சன் டிரா கேட்டு, சமநிலையை முறிக்கும் ரேபிட் என்ற வேக ஆட்டங்களில் 3–0 என்று முடித்தார். அவர் மேல் தப்பில்லை. விதி அதற்குத்தான் பரிசு தந்தது.

18 ஆட்டம் என்றால் செலவு எகிறும் என்பீர்கள். சிங்கப்பூரில் மூன்று ஆட்டத்துக்கு ஒரு ஓய்வு நாள் என்று 14 ஆட்டம் 18 நாளில் முடிந்தது. அதே தாளத்தில் 18 ஆட்டம் ஆட 5 ஓய்வு நாள் சேர்த்து 23 நாள். கூடுதல் ஐந்தே நாள். நீண்ட போட்டி என்றால் சாம்பியன்கள் ஓடிவிடுவார்கள் என்ற வாதமும் வரும். 2022இல் கார்ல்சன் பட்டத்தைக் காக்க மாட்டேன் என்று ஒதுங்கியபோது போட்டி 14 ஆட்டம்தான். குறைத்து வைத்தும் அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை.

சமநிலையை முறிக்கும் டை-பிரேக் ஆட்டங்களை முதல் நாளே ஆடி, அதில் வென்றவருக்குச் சமநிலை போதும் என்று வைக்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. அதனால் அதைக் கேட்கவில்லை.

அடுத்த சுழற்சியின் விதிமுறையில் சேர்க்க வேண்டிய பத்தியை உங்கள் வேலை குறையட்டும் என்று நாங்களே எழுதித் தருகிறோம்:

“முந்தைய உலகப் பட்டப் போட்டியில் தோற்றவர் கேண்டிடேட்ஸ் தொடரில் நேரடி இடம் பெறுவார். போட்டி முடிந்த 60 நாட்களுக்குள் அவர் எழுத்து மூலம் சம்மதம் தெரிவிக்காவிட்டால், அந்த இடம் ரேட்டிங் வரிசைப்படி நிரப்பப்படும்.”

இப்படிக்கு,
சதுரங்கப் பயிற்சியாளர்களும் நடுவர்களும்