14 ஆட்டம் போதாது: அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர், செயற்குழுவினர், மகளிர் கால்பந்துக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்திய மகளிர் லீக்கை ஆரம்பத்திலிருந்தே விடாமல் பார்த்துவரும் ரசிகர்களில் நானும் ஒருவன். உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. லீக்கை நீளமாக்குங்கள், பருவம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை வெகு முன்பே அறிவித்து, அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள். ஊதியம், மைதானம், விளம்பரதாரர், தேசிய அணியின் தரம் என்று நாம் பேசும் மற்ற எல்லாமே இதைப் பிடித்துத்தான் நகர வேண்டும் என்று நம்புகிறேன்.

2024-25 பருவத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு அணிகள். சொந்த ஊரில் ஒரு முறை, எதிரணியின் ஊரில் ஒரு முறை என்று ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டம். ஜனவரியில் ஆரம்பித்த லீக் ஏப்ரலில் முடிந்துவிட்டது. அதே பருவத்தில் ஆண்களுக்கான இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) ஒவ்வோர் அணியும் லீக் சுற்றில் மட்டும் 24 ஆட்டம் ஆடியது. நாட்டின் மிகச் சிறந்த வீராங்கனைகளுக்கு ஆண்டில் நான்கு மாதம்தான் லீக் என்றால், மீதி எட்டு மாதம் அவர்கள் எங்கே ஆடுவார்கள்? தேசிய முகாமுக்கு அழைக்கப்படும் சிலரை விட்டுவிடுங்கள். மற்றவர்களைக் கேட்கிறேன்.

முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் அது பொய். 2017 ஜனவரியில் டெல்லியில் எல்லா அணிகளையும் ஒரே இடத்தில் கூட்டி, சில வாரங்களில் முடித்த போட்டி இது. முன்னாள் இந்திய கேப்டன் பெம்பெம் தேவியின் மணிப்பூர் அணியான ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் முதல் கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப். 2019 மே மாதம், லூதியானா வெயிலில், நம் மதுரையின் சேது எஃப்சி இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு மகளிர் அணி தேசிய லீக்கை வென்ற அந்த நாளை இங்கே எத்தனை பேர் அறிவார்கள் என்பது வேறு வருத்தம். அதற்கடுத்த மூன்று கோப்பைகளும் கோகுலம் கேரளாவுக்கு. இடையில் ஒரு பருவத்தைக் கொரோனா தின்றுவிட்டது. 2023-இல் 16 அணிகளை அகமதாபாத்தில் கூட்டி ஏப்ரல், மே மாதங்களில் ஆட வைத்தீர்கள். அந்த மாதங்களில் அந்த ஊரில் வெயில் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

2023 டிசம்பரில்தான் முதல்முறையாக அணிகள் சொந்த ஊரில் ஆட ஆரம்பித்தன. ஏழு அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம். ஒடிசா எஃப்சி வென்றது. அந்த முடிவுக்காக உங்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஒரே ஊரில் கூட்டி நடத்தும்போது வருவது ஒரு டோர்னமெண்ட்தான். சொந்த ஊர் ஆட்டம் வந்த பிறகுதான் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வந்து பார்க்க ஒரு அணி என்று ஆகிறது, உள்ளூர்க் கடைக்காரர் பலகை வைக்க ஓர் இடம் கிடைக்கிறது, பள்ளிக்கூட பி.டி. ஆசிரியர் தன் மாணவிகளை அழைத்து வர ஒரு தேதி இருக்கிறது. அதனால் பணநெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது இந்தச் சொந்த ஊர் ஆட்டமாக இருக்கக் கூடாது. வேறு எதைக் குறைத்தாலும் பரவாயில்லை, இதில் கை வைக்காதீர்கள்.

இனி ஒரு கசப்பான ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். 2024 அக்டோபரில் ஹோ சி மின் நகரில் நடந்த ஆசிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஒடிசா எஃப்சி, ஜப்பானின் உராவா ரெட் டயமண்ட்ஸ் அணியிடம் 17-0 என்று தோற்றது. அன்று சமூக வலைத்தளங்களில் நம் வீராங்கனைகளைக் கேலி செய்தவர்கள் ஏராளம். எனக்குக் கோபம் வேறு இடத்தில் வந்தது. உராவா தன் நாட்டில் 12 அணிகள் ஆடும் லீக்கில் ஒரு பருவத்துக்கு 22 ஆட்டம் ஆடிவிட்டு வந்த அணி, அதுவும் அந்த லீக்கின் சாம்பியன். ஒடிசா அதற்கு முந்தைய பருவத்தில் ஆடிய லீக் ஆட்டங்கள் 12, அதுவும் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. ஆகஸ்டில் தகுதிச் சுற்றுக்குப் போகும்வரை தேசிய லீக் என்ற ஒன்றே இல்லை. பயிற்சி மைதானத்தில் எவ்வளவு ஓடினாலும் போட்டியின் வேகம் காலுக்கு வராது. போட்டியில் ஆடித்தான் அது வரும். அந்தப் பிள்ளைகள் ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றதே அவர்களின் திறமைக்குச் சான்று.

அடுத்த ஆண்டே அதற்கு மறுபக்கமும் பார்த்தோம். 2025-இல் லீக்கை வென்ற ஈஸ்ட் பெங்கால், வூஹானில் நடந்த அதே ஆசியப் போட்டியின் குரூப் சுற்றில் ஈரானின் பாம் கதூன் அணியை 3-1 என்று வென்றது. அதே 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில், சொந்த மண்ணில் ஆடிய தாய்லாந்தை நம் தேசிய அணி 2-1 என்று வீழ்த்தியது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டது. தகுதிச் சுற்றில் ஆடி ஆசியக் கோப்பைக்கு இந்தியா நுழைந்தது அதுதான் முதல்முறை. 1980-இல் கோழிக்கோட்டிலும் 1983-இல் பாங்காக்கிலும் ஆசியாவின் இரண்டாம் இடத்தைப் பிடித்த நாடு இது. அப்போது பெண்கள் கால்பந்தை நடத்தியது தனி அமைப்பு. பொறுப்பு உங்கள் கைக்கு வந்தது தொண்ணூறுகளில். இழந்த இடத்தை மீட்கும் வாய்ப்பு இப்போது மறுபடியும் கண்முன் தெரிகிறது.

ஊதிய விஷயத்துக்கு வருகிறேன். லீக்கின் முதல் எட்டு கிளப்புகள் தலா குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளை ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று 2023-இல் நீங்கள் முடிவெடுத்தீர்கள். நல்ல முடிவு. மாதக் கணக்கில் பார்த்தால் 27,000 ரூபாய்க்கும் கீழே வருகிறது என்றாலும், ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் அளவுகோல் வந்ததே பெரிது. ஆனால் இரண்டு கேள்விகள். அந்தப் பத்துப் பேர் போக அணியிலுள்ள மற்றவர்களுக்கு என்ன? அப்புறம், எந்தெந்த கிளப் அந்தத் தொகையை முழு ஆண்டுக்கும் கொடுத்தது என்பதை ஏன் பொதுவில் வெளியிடுவதில்லை? நான்கு மாத லீக்குக்கு பன்னிரண்டு மாத ஊதியம் கொடுக்கச் சொன்னால் எந்த கிளப் நிர்வாகிக்கும் மனது தயங்கத்தான் செய்யும். பருவம் ஒன்பது மாதம் நீண்டால் அந்தத் தயக்கத்துக்கே இடமில்லாமல் போகும்.

தேதி விஷயம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். நம் வீராங்கனைகள் பலர் காவல்துறையிலும் மத்தியப் படைகளிலும் ரயில்வேயிலும் வேலை பார்ப்பவர்கள். கடலூரிலிருந்து வந்து தேசிய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். அரசு வேலையில் இருப்பவர் விடுப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், பணிப்பட்டியல் மாற வேண்டும். லீக் எப்போது என்று தெரியாமல் அவர் எதை எழுதிக் கொடுப்பார்? கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு ஏப்ரல் என்றால் செமஸ்டர் தேர்வு. இரண்டு வாரம் தள்ளிப்போகும் ஒரு தொடக்கத் தேதி, அந்தப் பெண்ணை ஆட்டத்துக்கும் பட்டத்துக்கும் நடுவே நிறுத்திவிடுகிறது. வீட்டில் ஏற்கெனவே "பந்து விளையாடி என்ன ஆகப்போகிறது" என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அதுவே போதும், அவளைத் திரும்பக் கூட்டிப்போக.

பயணச் செலவு பெரிது, நீண்ட லீக் கட்டுப்படியாகாது என்று கிளப்புகளே சொல்வார்கள். அது உண்மையான கஷ்டம், தட்டிக் கழிக்க மாட்டேன். ஆனால் அட்டவணையைப் புத்தியோடு போட்டால் பாதிச் சுமை இறங்கும். 2024-25 பருவத்தின் எட்டு அணிகளையே பாருங்கள். ஈஸ்ட் பெங்கால், ஸ்ரீபூமி இரண்டும் கொல்கத்தா. பக்கத்திலேயே ஒடிசாவில் இரண்டு அணிகள். தெற்கிலிருந்து போகும் அணி ஒரே பயணத்தில் இந்த நான்கு ஆட்டங்களையும் இரண்டு வாரத்தில் முடித்துத் திரும்பலாம். அங்கிருந்து வருபவர்களுக்கும் பெங்களூரு, கோழிக்கோடு, மதுரை என்று ஒரு சுற்றில் முடியும். இப்படிச் சேமிக்கும் பணத்தில் மூன்றாவது சுற்று ஆடலாம். எட்டு அணிகள் மூன்று சுற்று ஆடினாலே ஆளுக்கு 21 ஆட்டம் ஆகிவிடும். புதிய கிளப் ஒன்றுகூடத் தேவையில்லை. அதோடு ஒரு நாக் அவுட் கோப்பையை வைத்து, அதில் இரண்டாம் நிலை லீக் அணிகளையும் சேர்த்தால் ஆண்டின் பெரும்பகுதி நிறைந்துவிடும்.

கிளப்புகளைக் கூட்டுவதும் தேவைதான். சீனியர் தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் மணிப்பூரையும் 2023-இல் ஹரியானாவையும் வென்று சாம்பியன் ஆனார்கள். அப்படிப்பட்ட மாநிலத்துக்கு மேல்நிலை லீக்கில் இருப்பது சேது ஒன்றுதான். மற்றவர்கள் கேரளத்துக்கும் ஒடிசாவுக்கும் போய் ஆடுகிறார்கள். ஐஎஸ்எல் கிளப்புகளில் பலவற்றுக்கு மகளிர் அணியே கிடையாது. கேரளா பிளாஸ்டர்ஸ் 2023-இல் தன் மீது விழுந்த அபராதத்தைக் காரணம் காட்டி மகளிர் அணியை நிறுத்திவைத்தது. ஆண்கள் அணி வெளிநடப்பு செய்ததற்கு விதித்த தண்டனையில் வேலை போனது பெண்களுக்கு! தண்டிப்பது உங்கள் உரிமை. ஆனால் உரிமம் கொடுக்கும்போதே, மகளிர் அணி இல்லாத கிளப்புக்கு ஆண்கள் மேல்நிலை லீக்கில் இடமில்லை என்று எழுதிவைக்கவும் உங்களால் முடியும். ஈஸ்ட் பெங்காலைப் பார்த்தாவது மற்றவர்கள் புரிந்துகொள்ளட்டும். 2004-க்குப் பிறகு 21 ஆண்டுகள் தேசிய லீக் பட்டம் காணாத அந்த கிளப்பின் ஏக்கத்தைத் தீர்த்தது அதன் பெண்கள்தான்.

நம் லீக்குக்கு ஆள் உருவாக்கும் சக்தி இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி 2019-இல் சேதுவுக்கும் 2020-இல் கோகுலத்துக்கும் ஆடி, இரண்டு முறையும் கோப்பை வென்றார். பிறகு பிரான்சின் கேங்காம் கிளப் வரை போனார். மனீஷா கல்யாண் கோகுலத்திலிருந்து சைப்ரஸ் போய், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். வெளிநாட்டு கிளப்பின் ஆள் நம் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆட்டம் நடக்க வேண்டும், ஒளிபரப்பு தெளிவாக இருக்க வேண்டும், ஆட்டம் முடிந்த அன்றே விவரப் பதிவுகள் வெளிவர வேண்டும். இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை.

நிர்வாகம் தடுமாறினால் அடி எங்கே விழுகிறது என்பதையும் மறக்க முடியாது. 2022 ஆகஸ்டில் ஃபிஃபா உங்கள் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தபோது கோகுலம் பெண்கள் ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்தார்கள். ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். தடை பிறகு நீங்கியது. ஆனால் அவர்கள் சம்பாதித்த அந்த வாய்ப்பை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. 2024 மார்ச்சில் கோவாவில், இரண்டாம் நிலை லீக்கில் ஆடப் போயிருந்த ஹிமாச்சல் அணியின் வீராங்கனைகள் இருவர், சம்மேளனத்தின் செயற்குழு உறுப்பினர் ஒருவரே தங்களைத் தாக்கியதாகப் புகார் கொடுத்தார்கள். அவரை இடைநீக்கம் செய்தீர்கள், சரி. ஆனால் வெளியூரில் ஒரு ஓட்டல் அறையில் தங்கியிருக்கும் பெண், அணியோடு தொடர்பே இல்லாத ஒருவரிடம் அன்றிரவே புகார் சொல்ல ஒரு வழி வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அப்படி ஒரு பெண் அதிகாரியை நியமியுங்கள். அவர் பெயரும் எண்ணும் வீராங்கனைகளின் கையில் பருவம் தொடங்கும் முன்பே இருக்கட்டும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் பொருளாக வையுங்கள். மூன்று சுற்று லீக், அதன் தொடக்க, முடிவுத் தேதிகள், நாக் அவுட் கோப்பைக்கான வாரங்கள், 3.2 லட்ச ஒப்பந்தம் பற்றிய கிளப்வாரியான கணக்கு. இவை நான்கையும் புதிய பருவத்துக்கு ஆறு மாதம் முன்பே உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள். முடியாது என்றால், எது முடியாது, ஏன் முடியாது என்று வீராங்கனைகளுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மகளிர் கால்பந்து ரசிகன்