55 வரட்டும், பாப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். விமானப் பயிற்சியில் உன்னைத் தனியாகப் பறக்க விடப் போகிறார்கள் என்று நீ போனில் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் உன் பழைய ஜாய்ஸ்டிக்கை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். பக்கத்து வீட்டுத் தம்பி கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் ஃபிளைட்கியர் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். நீ ஓட்டும் அதே சின்ன விமானம், செஸ்னா 172. பறப்பதும் நம் திருச்சி விமான நிலையத்திலிருந்துதான்.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. அதனால் ஓடுபாதை 27. மேற்குத் திசைக்கான 270 டிகிரியில் கடைசிச் சைபரை விட்டு எழுதுகிறார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது. நான் பஸ் ஓட்டிய 31 வருடமும் எதிர்காற்று என் டீசலைத் தின்றது. இங்கே அதுதான் இறக்கைக்குத் துணை.

இன்ஜின் வேகத்தைக் கூட்டும் திராட்டிலை முழுவதும் தள்ளியதும் மூக்கு இடப்பக்கம் இழுத்தது. என் கை பழக்கத்தில் வலப்பக்கம் ஒடித்தது; விமானம் கேட்கவில்லை. தரையில் அதைத் திருப்புவது கால் மிதிகள் என்று பிறகுதான் புரிந்தது. ஜாய்ஸ்டிக்கில் கைப்பிடியைத் திருக வேண்டும். புரொப்பல்லர் தள்ளும் காற்று உடலைச் சுற்றிக்கொண்டு போய் வால் துடுப்பின் இடப்பக்கம் மோதுகிறதாம். வேறு காரணங்களும் உண்டாம். எனக்குப் பிடிபட்டது இதுதான். ஓடத் தொடங்கும்போதே வலது மிதியில் அழுத்தம் இருக்க வேண்டும். மூக்கடியில் ஓடும் கோட்டையே பார்த்தவரை நெளிந்து நெளிந்து போனேன். பாதையின் மறுகோடியில் கண்ணை வைத்ததும் நேரானது. உனக்கு ஸ்கூட்டர் பழக்கியபோது நான் சொன்னதும் இதுதானே!

விமான வேகத்தை நாட் என்ற அளவில் சொல்கிறார்கள். முதலில் 40 நாட் வேகத்திலேயே அவசரப்பட்டு ஜாய்ஸ்டிக்கை இழுத்தேன். சக்கரம் தரையை விட்டது. ஆள் உயரம்கூட ஏறவில்லை. இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப் போகிறது என்று சொல்லும் ஸ்டால் எச்சரிக்கை ஊளையிட, பொத்தென்று விழுந்தது. 55 நாட் வரும்வரை பொறுத்து, இரண்டு விரலால் பின்னுக்கு இழுத்தால் போதும், பூப்போல எழுகிறது. மணிக்கு 102 கிலோமீட்டர்! பஸ்ஸில் நான் தொடாத வேகம். எழுந்த பிறகும் மூக்கை வானத்துக்குத் தூக்காமல் 74 நாட் வேகத்தில் நிறுத்தி ஏற வேண்டும்.

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நேற்று 500 அடியில் வேண்டுமென்றே இன்ஜினை அணைத்துவிட்டு, ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்தேன். 6 முறையும் விழுந்தேன். இறக்கையைச் சாய்த்துத் திரும்புவதற்குள் உயரம் தீர்ந்துவிடுகிறது. 7-வது முறை உடனே மூக்கைத் தாழ்த்தி, எதிரே தெரிந்த வெட்டவெளியில் இறக்கினேன். சக்கரம் உடைந்திருக்கலாம், ஆனால் ஆள் பிழைத்திருப்பான். உன் ஆசிரியர் இதை நூறு தடவை சொல்லியிருப்பார். என் வாயாலும் ஒருமுறை கேட்டுக்கொள், அம்மா: திரும்பாதே.

இன்னொன்று. எடைப் பட்டியலில் பக்கத்து இருக்கையைச் சைபராக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஆசிரியரின் எடை இல்லாததால் விமானம் சட்டென்று எழுகிறது, வேகமாகவும் ஏறுகிறது. அன்று உனக்கும் அப்படித்தான் இருக்கும், திடுக்கிடாதே. அந்தச் சைபரைப் போடும்போது எனக்குக் கை ஒரு நிமிடம் ஓடவில்லை. பிறகுதான் திராட்டிலைத் தள்ளினேன்.

இறங்கியதும் முதலில் அம்மாவுக்குப் போன் செய். நானும் பக்கத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா