கபிலனுக்கு, கப்டன் அமெரிக்கா பற்றி

அன்பு மகன் கபிலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே ஸ்காபரோவில் நாங்கள் சுகம். குளிர் குறைந்ததோடு அப்பாவின் முழங்கால் நோவும் குறைந்துவிட்டது. தொலைபேசியில் இந்தக் கதையைத் தொடங்கினால் நீ என்னை முடிக்க விடமாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

ஞாயிற்றுக்கிழமை நீ புதிய கப்டன் அமெரிக்கா படத்தைப் பற்றிக் கதைத்தது என் மனதை விட்டுப் போகவில்லை. "இவன் என்ர கப்டன் அமெரிக்கா இல்லை அம்மா. எல்லாத்தையும் வலிஞ்சு திணிக்கிறாங்கள்" என்றாய். பிறகு மார்வெல் காமிக்ஸ் கம்பெனியின் பாகிஸ்தானியக் குடும்பத்து நாயகி கமலா கானைப் பற்றி ஒரு சொல் சொன்னாய். அதை நான் எழுதமாட்டேன். பேத்தி ஆரணி உனக்குப் பக்கத்தில் இருந்து கலரடித்துக்கொண்டிருந்தாள். நீ அந்தச் சொல்லைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள். உனக்குத் தெரியவில்லை, எனக்குத் திரையில் தெரிந்தது.

படம் பிடிக்கவில்லை என்று நீ சொல்லலாம். எனக்கும் அது பெரிதாகப் பிடிக்கவில்லை, ஒட்டுப்போட்ட கதை மாதிரி இருந்தது. ஆனால் உன் கோபம் படம் வருவதற்கு ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது. கறுப்பின நடிகர் அந்தோனி மாக்கியின் கையில் கப்டன் அமெரிக்காவின் கேடயத்தைப் பார்த்த அன்றைக்கே நீ தீர்ப்பு எழுதிவிட்டாய். நான் கேட்பது அதைப் பற்றித்தான்.

நூலகத்தில் பிள்ளைகள் பகுதியில் இத்தனை காலம் வேலை செய்கிறேன். நீ வாசித்த காமிக்ஸ்களைக் கொண்டுதான் நான் ஆங்கிலம் பிடித்தேன். உன் அளவுக்கு இல்லாவிட்டாலும் இந்தக் கதைகளின் வரலாறு எனக்கும் தெரியும். கப்டன் அமெரிக்காவை உண்டாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது, அட்டையில் ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து. அமெரிக்கா போருக்குள் இறங்க அப்போது இன்னும் ஒரு வருடம் இருந்தது. அந்த அட்டைக்காக அவர்களுக்கு வசைக் கடிதங்களும் மிரட்டல்களும் வந்தன. நியூயோர்க் மேயர் லாகார்டியா தானே அழைத்துப் பாதுகாப்புத் தருவதாகச் சொன்னாராம், சைமன் பின்னாளில் எழுதியிருக்கிறார். உன்னுடைய கப்டன் அமெரிக்கா பிறந்ததே ஒரு கூட்டத்தைக் கோபப்படுத்திக்கொண்டுதான், கபிலன்.

மாக்கி நடிக்கும் சாம் வில்சனும் நேற்று வந்தவன் இல்லை. 1969இல் பால்கன் என்ற நாயகனாக வந்தான், 2014இல் காமிக்ஸில் அந்தக் கேடயத்தை எடுத்துக் கப்டன் அமெரிக்கா ஆனான். அதற்கு நடுவில், 2003இல் ரொபர்ட் மொராலஸ் எழுத, கைல் பேக்கர் வரைந்து ஐசேயா பிராட்லியின் கதை வந்தது. ஆளைக் கப்டன் அமெரிக்கா ஆக்கும் மருந்தைக் கறுப்பினச் சிப்பாய்களின் உடம்பில் சோதித்துப் பார்த்த கதை. அமெரிக்காவில் டஸ்கீகீ என்ற ஊரில் 1932 தொடக்கம் 1972 வரைக்கும் கறுப்பின ஆண்களுக்குச் சிபிலிஸ் இருப்பது தெரிந்தும் சிகிச்சை கொடுக்காமல் வைத்துப் பார்த்தார்களே, அந்த உண்மை அதன் அடியில் கிடக்கிறது. அதை வாசித்த பிறகு சாம் வில்சன் கேடயத்தைத் தூக்கினால் அது எனக்கு வேறு பாரமாகத் தெரிகிறது. எத்தனையோ கப்டன் அமெரிக்காக் கதைகளை விட அதுதான் உண்மையான கப்டன் அமெரிக்காக் கதை என்று நான் நினைக்கிறேன். நீ அதை வாசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வாசி.

"பழையவர்களை மாற்றாமல் புதிதாக உண்டாக்கட்டும்" என்றும் சொன்னாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதையும் செய்து பார்த்தார்கள். 1993இல் காமிக்ஸ் எழுத்தாளர் டுவெய்ன் மக்டஃபியும் மூன்று நண்பர்களும், நால்வரும் கறுப்பினத்தவர்கள், மைல்ஸ்டோன் என்று சொந்தமாக ஒரு காமிக்ஸ் கம்பெனி தொடங்கினார்கள். எல்லாம் புது நாயகர்கள், ஒருவரும் யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை. இது கறுப்பர்களுக்கான புத்தகம் என்று நினைத்துப் பல கடைக்காரர்கள் வாங்கி அடுக்கவே தயங்கினார்கள். 1997இல் காமிக்ஸ் வெளியிடுவது நின்றுபோனது. புதிதாக வந்தால் தட்டில் இடமில்லை, பழைய பெயரில் வந்தால் திணிப்பு. அப்படியென்றால் அந்தப் பிள்ளைகள் எந்த வாசலால் வருவது?

இன்னொன்றையும் யோசித்துப் பார். கப்டன் மார்வெல் என்ற பெயரை 1982இலேயே மொனிக்கா ரம்போ என்ற கறுப்பினப் பெண் வைத்திருந்தாள், அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழுவுக்குத் தலைமை தாங்கவும் செய்தாள். உனக்கு அது தெரியும், எனக்குச் சொன்னதே நீதான். இப்போது மட்டும் ஏன் எல்லாம் புதிதாகத் தொடங்கிய சதி மாதிரிக் கதைக்கிறாய்?

எனக்குக் கோபம் வரும் இடம் எது என்றால், இந்தக் கோபம் ஒரு ஆளின் மேல் போய் விழும் இடம். காமிக்ஸில் ஸ்டார்பயர் செம்மஞ்சள் தோல் கொண்ட வேற்றுக்கிரகப் பெண். 2018இல் வந்த டைட்டன்ஸ் தொடரில் அந்த வேடத்துக்குச் செனகலில் பிறந்த அன்னா டியொப்பைப் போட்டார்கள். தொடரின் ஒரு அத்தியாயம் கூட வரவில்லை, அதற்குள் அவர் நிறத்தைச் சொல்லி எழுதிய அசிங்கங்களைத் தாங்காமல் இன்ஸ்டகிராமில் கருத்துப் பகுதியை அவர் மூட வேண்டி வந்தது. பூமியில் இல்லாத நிறத்துக்கு வெள்ளைக்காரி நடித்தால் மூலக்கதைக்கு விசுவாசமாம், கறுப்பினப் பெண் நடித்தால் துரோகமாம். இதில் விசுவாசம் எங்கே இருக்கிறது, நீயே சொல். அடுத்த வருடம், ஒரு பெண் நாயகியான கப்டன் மார்வெல் படத்தை ஒருவரும் பார்க்க முன்பே, ரொட்டன் டொமேட்டோஸ் என்ற பட விமர்சனத் தளத்தில் கூட்டமாகப் போய் மோசமாக எழுதிக் குத்தினார்கள். அந்தத் தளம் வெளியீட்டுக்கு முந்திய கருத்துப் பகுதியையே எடுத்துவிட்டது. படம் 100 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது.

உன் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறைக்கமாட்டேன். கம்பெனிகள் இவர்களை முன்னால் நிறுத்திக் கைதட்டல் வாங்குகின்றன, விற்பனை இறங்கினால் பழியையும் இவர்கள் தலையிலேயே வைக்கின்றன. 2017இல் மார்வெலின் விற்பனைப் பொறுப்பாளரே, வாசகர்களுக்கு இந்தப் பன்முகத்தன்மை வேண்டாமாம், கடைக்காரர்கள் சொல்கிறார்கள் என்றார். பிறகு விளக்கமும் கொடுத்தார். அவர் கணக்கெடுத்தது காமிக்ஸ் கடைகள் முன்கூட்டியே கொடுக்கும் ஓடரை. அங்கே விற்காத பிரதியைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அதனால் கடைக்காரர் தெரியாத பெயரில் கை வைக்கப் பயப்படுவார். எங்கள் நூலகத்தில் கமலா கான் புத்தகத்தைக் கேட்டு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படியொரு கடைக்குள் கால் வைத்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் தொகுப்பாக வாங்குவார்கள், பள்ளிப் புத்தகக் கண்காட்சியில் வாங்குவார்கள், எங்களிடம் இரவல் எடுப்பார்கள். அந்தக் கணக்கில் அவர்கள் இல்லை.

2023இல், கமலாவோடு மூன்று நாயகிகள் வரும் தி மார்வெல்ஸ் படம் தோற்றதற்கும் பெண்களைத்தான் காரணம் சொன்னாய். நடிகர் சங்க வேலைநிறுத்தம் முடிந்த அடுத்த நாள் அந்தப் படம் வெளியானது, நடித்தவர்கள் ஒருவரும் அதற்கு முன் வாய் திறந்து விளம்பரம் செய்ய முடியவில்லை. அதே வருடம் ஷசாம் என்ற நாயகனின் இரண்டாம் படம் அதை விடக் குறைவாக வசூலித்தது. நாயகன் வெள்ளைக்காரன் என்பதால் தோற்றது என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை.

இனிக் கமலா கான். நடித்த இமான் வெல்லானி கராச்சியில் பிறந்து, கைக்குழந்தையாகக் கனடா வந்து, மார்க்கம் நகரில் வளர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தால் மார்க்கம்தானே. நடிகைத் தேர்வு நடக்கிறது என்ற செய்தியை அவளுடைய மாமி வட்ஸ்அப்பில் அனுப்பினாவாம். எங்கள் வீட்டு மாமிமாரும் இதைத்தான் செய்திருப்பார்கள். அவளும் உன்னைப் போலக் காமிக்ஸ் பைத்தியம், 2023இல் கமலாவின் கதையையே இன்னொருவரோடு சேர்ந்து எழுதினாள். அந்தப் பாத்திரத்துக்கு வழி திறந்த மார்வெல் பதிப்பாசிரியர் சனா அமனாத் பாகிஸ்தானியப் பெற்றோரின் மகள், நியூஜேர்சியில் வளர்ந்தவள். கமலா கதையின் முதல் தொகுதிக்கு 2015இல் ஹியூகோ என்ற அறிவியல் புனைகதை விருது கிடைத்தது. இதெல்லாம் திணித்து வந்ததா, மகன்? ஒரு பெண் வீட்டுக்குக் கட்டுப்படவும் வேண்டும், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைப் போல இருக்கவும் வேண்டும் என்று அல்லாடுகிறாள். நீ பதினாறு வயதில் இந்த வீட்டில் பட்ட பாடுதான் அது.

சின்ன வயதில் நீ ஏன் எப்போதும் ஸ்பைடர்மேனாகவே வேஷம் போட்டாய் என்று எனக்குத் தெரியும். தலை முதல் கால் வரைக்கும் மூடிய உடுப்பு. உள்ளே எந்த நிறப் பிள்ளையும் இருக்கலாம் என்பது தான் விரும்பிய விஷயம் என்று ஸ்பைடர்மேனை உண்டாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீயும் சொல்லியிருக்கிறார். உனக்கு அது போதுமாக இருந்தது. ஆரணிக்கு முகத்தை முழுதாக மூடாத ஒருத்தி கிடைத்திருக்கிறாள். அவள் உன்னிடம் இருந்துதான் இந்த ஆசையையே எடுத்தாள், அதை அவள் கையிலிருந்து பறிக்காதே.

கமலாவின் முதல் தொகுதியையும் ஐசேயா பிராட்லியின் புத்தகத்தையும் ஒரே பொதியில் அனுப்பியிருக்கிறேன், இரண்டாவது உனக்கு, அவளுக்கு இன்னும் வயது காணாது. முதலாவதை அவளோடு இருந்து வாசி. பிடிக்காத பக்கம் வந்தால் ஏன் பிடிக்கவில்லை என்று அவளுக்குச் சொல்லு, அவள் திருப்பிக் கேட்பாள். அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கு அவளிடம் நீயே ஏதாவது சொல்ல வேண்டும், அதை நான் செய்ய முடியாது. பொதி வந்ததும் ஒரு செய்தி போடு. மருமகளுக்கு மிளகாய்த் தூளும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா